பாவ்பாவ் மரம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் 26 மாநிலங்களின் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் தானாக வளரும் பழமரம் பாவ்பாவ். பப்பாளியையும் சில நாடுகளில் இதே ஆங்கிலப் பெயரால் அழைப்பதுண்டு; இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. இது சீத்தாப்பழத்தின் குடும்பம். அதே குழைந்த சதை, அதே பெரிய வழவழப்பான விதைகள், கூடவே வாழையும் மாம்பழமும் கலந்த ஒரு மணம். சீத்தாப்பழம் தின்று வளர்ந்த ஒருவர் ஓஹையோவிலோ வர்ஜீனியாவிலோ மேரிலாந்திலோ வீடு வாங்கிய பிறகு இந்தப் பழத்தைச் சுவைத்தால், கொல்லையில் இரண்டு மரம் வைக்காமல் இருக்க மாட்டார். இதற்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 400 மணி நேரக் குளிர் வேண்டும். ஆகவே ஊரில் இருக்கும் அண்ணனுக்கு விதை அனுப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். தமிழ்நாட்டுச் சமவெளியில் இது பயன் தராது.

இந்த மரம் எதையும் ஒரு வரிசைப்படிதான் செய்யும். முதலில் வேர் இறங்கும், அதன் பிறகே தண்டு எழும். பூ முதலில் பெண்ணாக இருக்கும், பிறகு ஆணாக மாறும். ஒட்டுக்கட்டும்போது வேர்ச்செடி (ஒட்டைத் தாங்கும் அடிச்செடி) விழித்திருக்க வேண்டும், ஒட்டுக்குச்சி (அதில் பொருத்தும் நல்ல ரகத்தின் தண்டு) உறக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுத் தோட்டங்களில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையை நாம் முந்திக்கொள்வதால் வருபவை. மருந்து தேடுவதற்கு முன்னால் மரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

விதை போட்டு ஒரு மாதம் தாண்டியும் முளை தெரியவில்லை

முதல் கேள்வி: விதை காய்ந்ததா? வெண்டை, கத்தரி விதைகளை வெயிலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைத்துப் பழகிய கை, இந்த விதையையும் உலர்த்தத்தான் பார்க்கும். அங்கேயே கதை முடிந்துவிடும். பாவ்பாவ் விதை ஈரம் இழந்தால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடுகிறது. வெளியே பார்ப்பதற்கு அதே பளபளப்போடு இருக்கும். காய்ந்த விதையை ஊறவைத்து மீட்கும் வழி இல்லை.

இரண்டாவது கேள்வி: குளிர் கொடுத்தீர்களா? பழத்திலிருந்து எடுத்த விதையைச் சதை ஒட்டாமல் கழுவி, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான ஸ்பாக்னம் என்ற தோட்டப் பாசியிலோ தென்னைநார்த் தூளிலோ கலந்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 90 முதல் 120 நாள் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. கடும் உறைகுளிர் விதையைக் கொன்றுவிடும். மாதம் ஒருமுறை பையைத் திறந்து பூசணம் படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் விதைக்கு ஒரு கோளாறும் இல்லை. மண் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய பிறகு முதலில் ஒரு தடித்த வேர் நேர்கீழாக இறங்குகிறது. தண்டு வெளியே தலைகாட்ட அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஆகும். விதைத்ததிலிருந்து இரண்டு மாதம் ஆவது சாதாரணம். இலையுதிர்காலத்தில் நேரடியாக மண்ணில் விதைத்தவர்கள் அடுத்த ஜூலை வரை பொறுத்திருக்க வேண்டும். இடையில் கிளறிப் பார்க்காதீர்கள். அந்த வேர் நுனி எளிதில் ஒடியும், ஒடிந்தால் நாற்று நிமிராது. தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருக்க வேண்டும். 35 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் நல்லது.

இளங்கன்றின் இலைகள் வெளுத்து ஓரம் கருகுகின்றன

வெயில்தான் காரணம். முதல் ஆண்டிலும், தேவையென்றால் இரண்டாம் ஆண்டிலும், பாதி நிழல் கொடுங்கள். நிழல்வலை கட்டலாம், தக்காளிக்கு ஊன்றும் கம்பிக் கூண்டில் பழைய பருத்தித் துணியைச் சுற்றினாலும் போதும். ஆனால் இதை நிழல் மரம் என்று முடிவு கட்டி ஓக் மரத்தடியில் நட்டுவிடாதீர்கள். காட்டில் பெரிய மரங்களின் கீழே இது பிழைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். கொத்துக் கொத்தாகக் காய்க்க வேண்டுமானால் வளர்ந்த மரத்துக்கு முழு வெயில் வேண்டும்.

நட்ட கன்று அப்படியே நிற்கிறது, அல்லது வாடிச் சாகிறது

அப்படியே நிற்பதும் வாடுவதும் வேறு வேறு. முதல் இரண்டு ஆண்டுகளில் கன்று ஒரு சாண்கூட உயராமல் நிற்கலாம். வேலையெல்லாம் மண்ணுக்குள் நடக்கிறது. சந்தேகமாக இருந்தால் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலைகள் ஓரடி நீளத்துக்கு வளர்ந்து கீழ்நோக்கித் தொங்குவது இந்த மரத்தின் இயல்பு. அதை வாட்டம் என்று எண்ணி நாள்தோறும் குடம் குடமாக ஊற்றியே வேரை அழுக விடுகிறவர்கள் பலர். தொங்கும் இலையைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் தண்ணீர் போதும். துணியாகத் துவண்டால்தான் தாகம்.

உண்மையிலேயே வாடுகிறதென்றால் வேரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பாவ்பாவின் வேர் சதைப்பற்றானது, முறியக்கூடியது, பக்கவாட்டில் தூவி வேர்கள் குறைவு. மண் உதிர்ந்த வெறும் வேரோடு வரும் கன்றுகள் நிறையச் சாவதற்கு இதுவே காரணம். காட்டிலிருந்து ஒரு கன்றைத் தோண்டி வந்து நடுவது இன்னும் மோசம். அங்கே தனிக் கன்றாகத் தெரிவது பெரும்பாலும் தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய பக்கக்கன்று. அதற்கென்று சொந்த வேர் ஏறக்குறைய இருக்காது. ஆழமான தொட்டியில் வளர்ந்த கன்றை, வசந்தத்தில் மொட்டு உப்பும் நேரத்தில், மண்கட்டி உடையாமல் இறக்கி நடுங்கள். நட்டதும் மரச்சீவல் மூடாக்கு நான்கு விரல் தடிமனுக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

நரம்பு பச்சையாக இருக்க, இலை மட்டும் மஞ்சளாகிறது

மண்ணின் காரத்தன்மை கூடியிருக்கும். இதற்குப் பிடித்தது 5.5 முதல் 7 வரையிலான கார அமில நிலை (pH). சிமெண்டுச் சுவரோரம் நட்ட கன்றுகளில் இதைச் சந்தேகிக்கலாம். மண்ணைச் சோதித்துவிட்டுக் கந்தகம் இடுங்கள். மண் கணக்கு சரியாக இருந்தால் வடிகாலைப் பாருங்கள்: ஓரடிக் குழியில் நீர் நிரப்பி, மறுநாளும் தேங்கி நின்றால் கன்றை மேட்டுப்பாத்திக்கு மாற்றுவதே வழி. அக்டோபரில் மரம் முழுவதும் மஞ்சளானால் அது இலையுதிர்காலம், ரசியுங்கள்.

ஒட்டு பிடிக்கவில்லை

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஒட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: விதைக்கன்று காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் எடுக்கலாம், பழம் எப்படியிருக்கும் என்பதும் தெரியாது. ஒட்டுச்செடி மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். பாவ்பாவ் ரகங்களை உருவாக்கிய நீல் பீட்டர்சன் பல்லாண்டுகள் தேர்ந்தெடுத்து வெளியிட்ட 'ஷெனண்டோவா', 'சஸ்குவேஹானா', கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கேஎஸ்யூ அட்வுட்' போன்ற ரகங்கள் வேண்டுமானால் ஒட்டுத்தான் வழி. முருங்கைக் கிளையை ஒடித்து நடும் பழக்கத்தில் இதன் குச்சியை நட்டுப் பார்க்காதீர்கள், வேர் விடாது.

*குச்சி துளிர்க்காமலே சுருங்கிவிட்டது.* ஒட்டுக்கட்டிய தேதியை நினைத்துப் பாருங்கள். ஆப்பிளுக்குக் கட்டும் ஏப்ரல் தொடக்கத்திலேயே இதற்கும் கட்டியிருந்தால் அதுதான் பிழை. குளிர்ந்த நாட்களில் பாவ்பாவின் வெட்டுக்காயம் ஆறாது. வேர்ச்செடியில் இளம் இலைகள் விரியத் தொடங்கி, பகல் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டி நிற்கும் வரை காத்திருங்கள். ஓஹையோவில் அது மே மாதம். குச்சியை அதற்கு வெகுமுன்னரே, பிப்ரவரி இறுதி அல்லது மார்ச்சில், மொட்டு அசையும் முன்பே வெட்டி, ஈரம் தொட்ட காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத பையில் குளிர்சாதனப் பெட்டியில் உறங்க வைக்க வேண்டும். அருகில் ஆப்பிள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும்.

*மேலே சொன்னபடி செய்தும் குச்சி சாகிறது.* அப்படியென்றால் எந்தக் குச்சியை எடுத்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு வளர்ந்த, பென்சில் பருமனுள்ள தண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். அடிப்பக்கம் உருண்டையாக, கரும்பழுப்பு மென்மயிரோடு உட்கார்ந்திருப்பவை பூமொட்டுகள். நுனிப்பக்கம் சற்றே தட்டையாக, கூர்முனையோடு தண்டை ஒட்டிப் படுத்திருப்பவை இலைமொட்டுகள். உங்களுக்கு வேண்டியவை கூர்மையானவை. பூமொட்டு மட்டுமே உள்ள குச்சியை ஒட்டினால் அது பூத்துத் தன் சேமிப்பைச் செலவழித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஒன்றிரண்டு உருண்டை மொட்டுகள் கலந்திருந்தால் கிள்ளி எறியுங்கள். இரண்டு இலைமொட்டு உள்ள துண்டு போதும்.

பிறகு கத்தி. இந்த மரத்தின் உட்பட்டை நார் நாராக உரியும். அமெரிக்கப் பழங்குடியினர் இதிலிருந்து கயிறு திரித்தார்கள். மழுங்கிய கத்தி வெட்டாமல் நாரை இழுக்கும், வெட்டுமுகம் பிசிறாகும், இரண்டு முகங்களுக்கும் இடையில் காற்று நிற்கும். வெட்டிய இரண்டையும் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளியில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடி சீவுங்கள். பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய பச்சை அடுக்கு ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்த வேண்டும். இரு தண்டும் ஒரே பருமன் என்றால், இரண்டையும் சாய்வாக வெட்டி நாக்குப்போல் கீறிக் கோக்கும் நாக்கு ஒட்டு. வேர்ச்செடி கட்டைவிரலைவிடத் தடித்திருந்தால் பட்டையைத் திறந்து உள்ளே செருகும் பட்டை ஒட்டு. குச்சி குறைவாக இருந்தால் மரச்சில்லோடு சேர்த்து வைக்கும் மொட்டுக்கட்டு. எலுமிச்சைக்கும் ரோஜாவுக்கும் பழகிய டி வடிவ மொட்டுக்கட்டு இதில் சரிப்படுவதில்லை.

கட்டியபின் குச்சி முழுவதையும், மொட்டையும் சேர்த்தே, பாராஃபில்ம் என்ற இழுபடும் மெழுகு நாடாவால் ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். மொட்டு அதைக் கிழித்துக்கொண்டு வரும். நுனி திறந்திருந்தால் மூன்று வெயிலில் குச்சி காய்ந்துபோகும்.

*துளிர்த்தது, இரண்டு இலை விட்டது, பிறகு கருகியது.* குச்சி தன் சேமிப்பிலேயே துளிர்த்திருக்கிறது, இணைப்பு உருவாகவில்லை. கட்டைப் பிரித்தால் இரு முகங்களும் பழுப்பாக இருக்கும். அந்த இடத்துக்குக் கீழே பச்சைத் தண்டு வரை வெட்டி, குளிரில் மீதி வைத்திருக்கும் குச்சியால் ஜூன் முற்பாதியில் மறுபடி கட்டலாம். எனவேதான் எப்போதும் இரு மடங்கு குச்சி எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

*ஒட்டு மெதுவாக வளர, கீழிருந்து வேறு துளிர்கள் சீறி எழுகின்றன.* அவை வேர்ச்செடியின் துளிர்கள். ஒட்டின் மொட்டு அசையும் வரை ஒரே ஒரு சிறு துளிரை விட்டுவைத்து மற்றவற்றைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஒட்டு நான்கு இலை விட்டதும் அதையும் நீக்குங்கள். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் 'ஷெனண்டோவா' என்று பெயரட்டை தொங்கும் மரத்தில் பெயரில்லாத காட்டுப்பழம் காய்க்கும். குளிரில் ஒட்டுப்பகுதி செத்து அடியிலிருந்து மீண்ட மரமும் அப்படித்தான். அதற்கு மீண்டும் ஒட்டுக்கட்ட வேண்டும்.

*காற்றில் முறிந்தது.* புது இணைப்பு ஓராண்டுக்கு வலுவற்றது. மூங்கில் குச்சி ஊன்றி, ஒட்டுக்கு மேலேயும் கீழேயும் கட்டுங்கள். ரப்பர்க் கட்டு தண்டை இறுக்கினால் ஒருபக்கம் கீறி விடுங்கள்.

பூக்கிறது, காய் ஒன்றுகூட இல்லை

இலைகள் வருவதற்கு முன் வெறுங்கிளையில் கருஞ்சிவப்புப் பூக்கள் வரிசையாகத் தொங்கும். அவ்வளவும் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்.

ஒன்று, துணை இல்லை. பெரும்பாலான பாவ்பாவ் மரங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது. மரபளவில் வேறான இன்னொரு மரம் வேண்டும். இரண்டு 'ஷெனண்டோவா' நட்டால் அது ஒரு மரம் நட்ட கணக்குதான், ஏனெனில் இரண்டும் ஒரே மரத்தின் குச்சிகள். காட்டில் ஐம்பது தண்டுகள் நிற்கும் தோப்பு காய்க்காமல் கிடப்பதும் இதனால்தான். ஐம்பதும் ஒரே வேரின் கிளைகளாக இருக்கும். 'சன்ஃபிளவர்' என்ற ரகம் தானே காய்க்கும் என்கிறார்கள். அதற்கும் துணை இருந்தால் காய்ப்பு கூடும். இடமில்லையென்றால் இருக்கும் மரத்தின் ஒரு கிளையில் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டுங்கள். சிறு கொல்லைக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை.

இரண்டு, மகரந்தம் கொண்டுசெல்ல யாரும் வரவில்லை. இந்தப் பூவைத் தேனீ பொருட்படுத்துவதில்லை. கெட்டுப்போன இறைச்சியின் வாடையை மெல்லியதாக வீசி ஈக்களையும் வண்டுகளையும்தான் இது அழைக்கிறது. அதற்காகவே மரத்தடியில் கோழிக்கழிவு தொங்கவிடுகிறவர்கள் இங்கே உண்டு. அண்டை வீட்டாரோடு சுமுகமாக இருக்க விரும்புகிறவர்களுக்கு நான் தூரிகையைப் பரிந்துரைப்பேன்.

தூரிகைக்கு முன் பூவைப் படிக்கத் தெரிய வேண்டும். தொங்கும் பூவை மெதுவாக நிமிர்த்தி உள்ளே பாருங்கள். நடுவில் மகரந்தப்பைகள் நெருங்கிய ஒரு சிறு உருண்டை. அதன் உச்சியில், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள் சில நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டை பச்சையாகவும் கெட்டியாகவும், சூல்முடி பளபளத்துப் பசையோடும் இருந்தால் அந்தப் பூ இப்போது பெண். சில நாள் கழித்து அதே உருண்டை பழுப்பாகித் தளர்ந்து, தொட்டால் மஞ்சள் தூள் உதிரும். சூல்முடி அதற்குள் மங்கி உலர்ந்திருக்கும். இப்போது அது ஆண். ஒரு மரத்தின் பழுப்புப் பூவின் கீழே சிறு கிண்ணத்தைப் பிடித்து மென்மையாகத் தட்டித் தூளைச் சேர்த்து, மற்ற மரத்தின் பச்சைப் பூக்களின் சூல்முடியில் மெல்லிய தூரிகையால் தடவுங்கள். பூக்கள் எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை, வாரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதனால் ஒரு காலை விட்டுப்போனாலும் இன்னொரு காலை கிடைக்கும். பின்பனி சில பூக்களைக் கருக்கினாலும் மரம் முழுவதும் தோற்காததற்கும் இதுவே காரணம்.

பூ விரிவதற்கு முன்பே கருத்து உதிர்கிறதா? உதிர்ந்த பூவைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு புழு இருந்தால் அது பாவ்பாவ் பூக்காம்புத் துளைப்பான், ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. உதிர்ந்த பூக்களைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிஞ்சு பிடிக்கிறது, பிறகு கொட்டுகிறது

ஒரு பூவில் பல சூலகங்கள் இருப்பதால் ஒரே காம்பில் பல காய்கள் கொத்தாக நிற்கும். கையால் மகரந்தம் தடவி அதிகம் பிடிக்க வைத்தால் மரம் தானே சிலவற்றைக் கழிக்கும், அது நல்லதே. இளமரத்தில் நீங்களும் கொத்துக்கு இரண்டு, மூன்று மட்டும் விட்டு மீதியைக் கிள்ளுங்கள். கிளை எளிதில் முறியும். ஜூன், ஜூலை வறட்சியில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் பாய்ச்சினால் மிச்சம் நிற்கும்.

இலையிலும் காயிலும் கரும்புள்ளிகள், தோல் வெடிப்பு

ஃபில்லோஸ்டிக்டா என்ற பூஞ்சை. ஈரமான கோடையில் வரும். பெரும்பாலும் தோலோடு நிற்கும், சதை நன்றாகவே இருக்கும். புள்ளிகள் ஒன்றுசேர்ந்து தோல் விரிய முடியாமல் வெடித்தால் உள்ளே அழுகல் புகும். உட்கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் கொடுங்கள், உதிர்ந்த இலைகளைக் குளிர்காலத்துக்கு முன் கூட்டி அகற்றுங்கள். வீட்டு மரத்துக்கு மருந்து அடிக்கும் அளவுக்கு இது பெரிய நோயல்ல.

இலையை ஏதோ தின்கிறது, பட்டை உரிந்திருக்கிறது

இலை, பட்டை இரண்டிலும் அசிட்டோஜெனின் என்ற கசப்புப் பொருள்கள் இருப்பதால் பெரும்பாலான பூச்சிகளும் மானும் இதைத் தொடுவதில்லை. இளம் இலையைக் கடிக்கும் புழு கிடைத்தால் பெரும்பாலும் அது வரிக்குதிரைப் பட்டாம்பூச்சியின் குழந்தை. வெண்பச்சைச் சிறகில் கருவரியும் நீண்ட வாலும் கொண்ட அந்தப் பட்டாம்பூச்சியின் புழுவுக்குப் பாவ்பாவ் இனத்தைத் தவிர வேறு உணவு கிடையாது. நாலு இலை போகட்டும். தயவுசெய்து எதையும் தெளிக்காதீர்கள்.

பட்டை உரிவதற்கு ஆண் மான் காரணம். தின்ன வராவிட்டாலும் இலையுதிர்காலத்தில் கொம்பைத் தேய்க்க வரும். செப்டம்பருக்குள் தண்டைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள்.

பழம் கசக்கிறது, அல்லது வயிற்றைக் கலக்குகிறது

நிறத்தை நம்பிப் பறித்திருப்பீர்கள். பழுத்த பின்னும் பச்சையாகவே நிற்கும் ரகங்கள் உண்டு. ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சற்றே நெகிழ வேண்டும், லேசாக இழுத்தாலே கையோடு வர வேண்டும். கல்லாக இருக்கும்போது பறித்தால் வைக்கோலில் புதைத்தாலும் பழுக்காது. பழுத்த பழம் வெளியே இரண்டு, மூன்று நாள்தான் தாங்கும்; கடைகளில் கிடைக்காததற்கு அதுதான் காரணம். ரக்கூன் என்ற சிறு காட்டுவிலங்கு முந்திக்கொண்டால் நெகிழத் தொடங்கிய அன்றே பறித்து உள்ளே கொண்டுவாருங்கள்.

தோலையும் விதையையும் உண்ணக் கூடாது. மிக்ஸியில் விதை அரைபட்டால் அந்தச் சாற்றைக் கொட்டிவிடுங்கள். சிலருக்கு நன்கு பழுத்த பழம்கூட ஒத்துக்கொள்வதில்லை. முதல்முறை ஒரு கரண்டி மட்டும் தின்று ஒரு நாள் பாருங்கள், குழந்தைகளுக்கும் அப்படியே. சதையை உலர்த்தி வற்றலாக்கித் தின்று வாந்தி எடுத்தவர்கள் உண்டு, அந்த வழி வேண்டாம். மிகுந்தால் விதை நீக்கிய சதையைச் சிறு டப்பாக்களில் உறைய வையுங்கள். மாதக்கணக்கில் இருக்கும், பாலோடு அடித்தால் சீத்தாப்பழச் சாற்றுக்குப் பக்கத்தில் வரும்.